சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(மருத்துவ ஆய்வக நுட்பவியல் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு)



லேப் என்றதும் எல்லோருக்கும் மனசில் வருவது மைக்ராஸ்கோப்பும், வெள்ளைக் கோட்டும், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களும்தான். பரிசோதனை என்பதே அந்த அறைக்குள் நடப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நுண்ணுயிரியல் பரிசோதனையின் தலையெழுத்து அதற்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. நோயாளி டப்பாவை வாங்கிக்கொண்டு போகும் மரத்தடியில், ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில், பஸ் சீட்டுக்கு அடியில் வரும் ஐஸ் பெட்டியில் அது எழுதப்படுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் பெரியவர்கள் சொன்னது எங்கள் துறைக்கே சொன்னது போல இருக்கிறது.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். கான்கிரீட் போடும்போது 15 செ.மீ. கனசதுரமாகக் கியூப் எடுத்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, பிறகு மெஷினில் நசுக்கிப் பார்ப்பீர்கள். கூரைக்குப் போட்டது ஒரு கலவை, கியூபுக்கு எடுத்தது வேறு கலவை என்றால் மெஷின் என்ன செய்யும்? அது கியூபைப் பற்றித்தான் சொல்லும், கூரையைப் பற்றிச் சொல்லாது. எங்கள் கதையும் அதேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் கியூப் சாகாது, குட்டியும் போடாது. எங்கள் சாம்பிளில் இருப்பது உயிர்!

மூன்றே மூன்று ஆபத்து

சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று அளக்கும் பரிசோதனைகளில் ஒரு பொருளின் அளவைத்தான் பார்க்கிறோம். நுண்ணுயிரியலில் ஓர் உயிரைப் பிடித்து, வளர்த்து, "நீ யார்? எந்த மருந்துக்கு அடங்குவாய்?" என்று விசாரிக்கிறோம். நோயாளியின் உடம்பிலிருந்து லேப் மேஜைக்கு வருவதற்குள் மூன்று விபரீதங்கள் நடக்கலாம்.

1. நோய்க்குக் காரணமான கிருமி வழியிலேயே செத்துப் போகலாம்.
2. இருக்கிற கிருமி வழியிலேயே பல மடங்கு பெருகிவிடலாம்.
3. நோய்க்குச் சம்பந்தமே இல்லாத வெளிக்கிருமி உள்ளே புகுந்துவிடலாம்.

சாம்பிள் எடுப்பது பற்றிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே இந்த மூன்றையும் தடுக்கத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானாக வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சளி வேறு, எச்சில் வேறு

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் தினமாக அனுசரிக்கிறோம். இத்தனை வருஷம் ஆன பிறகும் இந்த நோய்க்குச் சளிப் பரிசோதனைதான் வாசற்படி. வழக்கமாக இரண்டு சாம்பிள் கேட்பார்கள். ஒன்று வந்த இடத்திலேயே, இன்னொன்று காலையில் எழுந்ததும். ராத்திரி முழுக்க நெஞ்சில் சேர்ந்த சளி காலையில் கிடைக்கும் என்பதால்தான் அந்த இரண்டாவது டப்பா.

ஆனால் டப்பாவில் வருவது பல சமயம் எச்சில். பார்த்தாலே தெரியும். சளி கெட்டியாக, கோழையாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். எச்சில் தண்ணியாக நுரைத்துக்கொண்டு நிற்கும். நெஞ்சில் இருக்கும் கிருமியை வாயில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறைக்கு 1 மி.லி. சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கண்ணில் படாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறைக்கு 10 முதல் 100 இருந்தாலே போதும். ஆனால் முட்டை கலந்த திட ஊடகத்தில் காசநோய்க் கிருமி வளர வாரக் கணக்கில் ஆகும். ஒன்றும் வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல 8 வாரம் காத்திருக்கணும். இப்போது சிபிநாட், ட்ரூநாட் போன்ற கருவிகள் சில மணி நேரத்துக்குள் கிருமியின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்து, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்றும் சொல்லிவிடுகின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் எச்சிலைக் கொடுத்தால், உள்ளே இல்லாத கிருமியை எந்த மெஷினாலும் உண்டாக்க முடியாது!

முறை இதுதான். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கணும். இரண்டு மூன்று தடவை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து விடணும். பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து இருமி, குறைந்தது 2 மி.லி. சளியை டப்பாவுக்குள் துப்பி மூடியை இறுக்கணும். இதை ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில்தான் செய்யணும். அடைத்த அறையிலோ கழிவறையிலோ இருமினால் கிருமி காற்றில் தங்கி, அடுத்து உள்ளே வருகிறவருக்கு ஆபத்தாகும்.

நிமோனியா போன்ற மற்ற நோய்களுக்கு வரும் சளியை, லேப்பில் முதலில் ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் எடை போட்டுவிடுவார்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்தில் வாயின் தோல் செல்கள் 10க்குக் குறைவாகவும், சீழ் செல்கள் 25க்கு மேலும் இருந்தால் நெஞ்சுச் சளி. தோல் செல்களே மண்டிக் கிடந்தால் எச்சில் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசநோய்ப் பரிசோதனைக்கு இந்தக் கணக்கு கிடையாது.

சிறுநீரும் ஒரு பெருக்கல் கணக்கும்

இது இரண்டாவது ஆபத்தின் கதை. சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கிறதா என்பதை எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். 1956இல் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர், 1 மி.லி. சிறுநீரில் 1 லட்சம் பாக்டீரியாவுக்கு மேல் இருந்தால் அது நிஜமான தொற்று என்று ஓர் அளவுகோல் கொடுத்தார். அறிகுறியைப் பார்த்து, குறைவான எண்ணிக்கையையும் டாக்டர்கள் கணக்கில் எடுப்பதுண்டு. ஆனாலும் அந்த 1 லட்சம்தான் இன்றும் எல்லோரும் அறிந்த கோடு.

இப்போது கணக்கைப் பாருங்கள். இ.கோலை பாக்டீரியாவுக்கு நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். எடுத்த நேரத்தில் 1 மி.லி.யில் 1,600 இருந்தது என்று வையுங்கள். அது வெளித்தோலிலிருந்து கலந்த சாதாரண எண்ணிக்கைதான். 20 நிமிஷத்தில் 3,200. அப்புறம் 6,400, 12,800, 25,600, 51,200. சரியாக இரண்டு மணி நேரத்தில் 1,02,400! கோட்டைத் தாண்டியாச்சு. சிறுநீரில் எப்போதும் இவ்வளவு வேகம் இருக்காது என்றாலும் போகும் திசை இதுதான். நோயே இல்லாதவருக்கு "தொற்று உண்டு" என்று ரிப்போர்ட் போய்விடும். அவர் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நாட்டில் பெருகுவதற்கு இப்படிப்பட்ட வீண் மாத்திரைகளும் ஒரு காரணம்.

அதனால்தான் சிறுநீர் சாம்பிள் 2 மணி நேரத்துக்குள் லேப்புக்கு வரணும் என்பது விதி. முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்கணும். அல்லது போரிக் அமிலம் போட்ட குழாயில் எடுக்கணும்.

புத்தகத்தில் "அறை வெப்பநிலை" என்று போட்டிருப்பது 20 முதல் 25 டிகிரி. கத்திரி வெயிலில் நம்ம ஊர் அறை அப்படியா இருக்கிறது? நாங்கள் பாக்டீரியாவை வளர்க்க இன்குபேட்டரில் வைக்கும் சூடு 37 டிகிரி. சித்திரை மாத மத்தியானத்தில் ஜன்னலோர மேஜை ஓசியில் கிடைத்த இன்குபேட்டர்தான்!

சிறுநீர்ப் பை மாட்டியிருக்கும் நோயாளிக்குப் பையிலிருந்து எடுத்து அனுப்புவதும் இதே தப்புதான். பையில் மணிக்கணக்காகத் தேங்கியதில் கிருமி பெருகியிருக்கும். குழாயில் அதற்கென்று உள்ள இடத்தைத் துடைத்துவிட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கணும்.

இரத்தத்தில் புகும் அந்நியன்

இரத்தம் இயல்பாகக் கிருமி இல்லாத இடம். அதில் ஒரு பாக்டீரியா வளர்ந்தாலே டாக்டர்கள் பதறிப் போவார்கள். அப்படிப் பதற வைப்பது பல சமயம் நோய்க்கிருமி இல்லை, நோயாளியின் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமி. ஊசி தோலைத் துளைத்துக்கொண்டு போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது.

ஆகவே ஊசி போடும் இடத்தை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் மருந்தால் நன்றாகத் தேய்த்து, காயும்வரை விடணும். சுமார் 30 விநாடி ஆகும். அவசரத்தில் ஈரத்தோடு குத்தினால் மருந்து வேலை செய்திருக்காது. துடைத்த பிறகு "நரம்பு எங்கே?" என்று விரலால் தொட்டுப் பார்த்தால் செய்த வேலை அத்தனையும் வீண். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்கணும்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. இரத்தம் வேண்டும். "இவ்வளவு ரத்தமா?" என்று நோயாளி கேட்பார். நியாயமான கேள்விதான். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கும்போதும் 1 மி.லி.க்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். குளத்தில் நாலு மீன் இருக்கும்போது ஒரு செம்பு தண்ணியில் தேடினால் அகப்படுமா? குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் குறைவாக எடுப்பார்கள்.

இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் நிஜம். ஒன்றில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் வழியில் ஏறிய ஆள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூடுமானவரை ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிடணும். மருந்து உள்ளே போன பிறகு கிருமி அடங்கிவிடும், ஆனால் முழுக்கச் செத்திருக்காது. கல்ச்சரில் வளராது, நோயும் போகாது. டைபாய்டில் முதல் வாரத்தில் இரத்தக் கல்ச்சர் நன்றாகப் பலன் தரும். ஆனால் அதற்குள் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை நாலு உள்ளே போயிருக்கும்! அதற்காக உயிருக்குப் போராடுகிறவருக்கு, சாம்பிள் எடுக்கணும் என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. எது முதலில் என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

ஃப்ரிட்ஜ் எல்லோருக்கும் நண்பன் அல்ல

சிறுநீருக்கு ஃப்ரிட்ஜ் நல்லது என்றேன். உடனே எல்லாவற்றையும் அதில் வைத்துவிடாதீர்கள். முதல் ஆபத்து, அதாவது கிருமி சாவது, இங்கேதான் வருகிறது.

மூளைக் காய்ச்சலில் முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரை பாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்பும்போது ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. அந்த நோயை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் குளிர் தாங்காது. எடுத்தவுடன் கையோடு லேப்புக்கு ஓட வேண்டிய சாம்பிள் அது. அதே நீரில் வைரஸைத் தேடுவதாக இருந்தால் தனியாக ஒரு குழாயில் பிரித்துக் குளிரில் வைப்பார்கள். இரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்கும் ஃப்ரிட்ஜ் ஆகாது.

ஆழமான கட்டியில் இருக்கும் சில பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனே விஷம். பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தால் காற்றுப் பட்டே செத்துவிடும். சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதே நல்லது. சீதபேதியில் அமீபாவைப் பார்க்க வேண்டுமானால், தண்ணியாகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடணும். நேரம் போனால் அது அசைவை நிறுத்திவிடும், அடையாளம் தெரியாது.

கேட்டால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும் தப்பு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்து எடுத்த சதைத் துண்டை ஃபார்மலினில் போட்டு "கல்ச்சர் செய்யவும்" என்று அனுப்புவது! ஃபார்மலின் சதையைக் கெடாமல் வைக்கும், கிருமியையோ முழுக்கக் கொன்றுவிடும். செல்களைப் பார்க்கும் நோயியல் பிரிவுக்குத்தான் ஃபார்மலின். எங்களுக்கு வேண்டியது கிருமி நீக்கிய உப்புநீர். ஒரு துண்டுக்காக நோயாளியை இரண்டாம் முறை அறுக்க முடியுமா?

பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை

லேப் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் போக்குவரத்து ஊடகம். அதன் தத்துவம் ரொம்ப எளிது. கிருமி சாகவும் கூடாது, பெருகவும் கூடாது. பட்டினி போடாமல், விருந்தும் வைக்காமல், கஞ்சி ஊற்றி உயிரைப் பிடித்து வைப்பது!

இதில் நாம் பெருமைப்படும் செய்தி ஒன்று இருக்கிறது. 1941இலேயே வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்ற இருவர் காலராக் கிருமிக்காக ஒரு ஊடகம் வெளியிட்டார்கள். அவர்கள் பெயரிலேயே இன்றும் பாடப் புத்தகத்தில் வி.ஆர். ஊடகம் என்று இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது? கடல் உப்பு 20 கிராம், பெப்டோன் 5 கிராம், தண்ணீர் 1 லிட்டர். காரத்தன்மை 8.6 முதல் 8.8 பி.எச். அவ்வளவுதான்! காலராக் கிருமிக்கு உப்பும் காரமும் பிடிக்கும், மலத்தில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்குப் பிடிக்காது. எதிரியின் குணத்தைத் தெரிந்துகொண்டு செய்த வேலை. பிறகு 1954இல் ஸ்டூவர்ட் ஊடகமும், 1964இல் கேரி, பிளேர் இருவரின் ஊடகமும் வந்தன. பேதி நோய்களுக்கு கேரி-பிளேர் ஊடகம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

2020இல் கொரோனா வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் குச்சியைப் போட்ட திரவமும் போக்குவரத்து ஊடகம்தான். அதில் பாக்டீரியா வளராமலிருக்க மருந்து கலந்திருக்கும். 2 முதல் 8 டிகிரியில் வைத்து 72 மணி நேரத்துக்குள் சேர்க்கணும். அந்தக் குச்சியும் சாதாரண மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு இல்லை, நைலான் போன்ற செயற்கை இழை. மரத்தில் உள்ள பொருள்கள் பி.சி.ஆர். பரிசோதனையைத் தடுத்துவிடலாம்.

மூன்று சட்டை, ஒரு முகவரி

அனுப்பும் பெட்டிக்கு மூன்று அடுக்கு வேண்டும். முதலாவது, சாம்பிள் இருக்கும் கசியாத டப்பா. அதைச் சுற்றி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு. இரண்டாவது, அதை மூடும் இன்னொரு கசியாத டப்பா. மூன்றாவது, அடிபட்டாலும் உடையாத வெளிப்பெட்டி. ஐஸ் பேக் வைத்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் வைக்கணும். நோயறியும் சாம்பிள் என்பதைக் காட்ட வெளியே யு.என். 3373 என்ற எண் இருக்கும். இது சாம்பிளைக் காப்பாற்ற மட்டுமல்ல. பெட்டியைத் தூக்கி வைக்கும் டிரைவர் அண்ணனையும், லேப்பில் முதலில் பிரிக்கும் அட்டெண்டர் அக்காவையும் காப்பாற்றத்தான்.

விண்ணப்பத் தாளை டப்பாவில் சுற்றக் கூடாது, தனி உறையில் வைக்கணும். பெயரை மூடியில் எழுதக் கூடாது. லேப்பில் பத்து மூடியைக் கழற்றி வைத்தால் எது யாருடையது? டப்பாவின் உடம்பில் எழுதணும். பெயர் மட்டும் போதாது. ஒரே வார்டில் மூன்று லட்சுமியும் இரண்டு முருகனும் இருப்பது நம்ம ஊரில் சகஜம். வயது, ஆஸ்பத்திரி எண், என்ன சாம்பிள், உடம்பில் எந்த இடம், எடுத்த தேதி, நேரம், என்ன நோய் என்று சந்தேகம், ஏற்கனவே என்ன மருந்து இத்தனையும் வேண்டும். நேரம் எழுதாவிட்டால் மேலே போட்ட பெருக்கல் கணக்கை யார் போடுவது?

சொல்லித் தருவதும் வேலைதான்

இத்தனையும் டெக்னிக்கல் சமாசாரம். ஆனால் என் மனசில் படுவது வேறு. சாம்பிளைக் கெடுப்பது பெரும்பாலும் நோயாளியின் அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு நாம் என்ன சொன்னோம்? "மிட் ஸ்ட்ரீம் யூரின் எடுத்துட்டு வாங்க", "ஸ்பூட்டம் குடுங்க" என்று ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டுகிறோம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மாவிடம் இப்படிச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் செய்து கொண்டு வருவார். திரும்பக் கேட்க மாட்டார்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள். "அம்மா, அடிபம்புல முதல்ல கலங்கலா வர்ற தண்ணியைக் கீழே விட்டுட்டு, தெளிஞ்ச பிறகுதானே குடத்தை வைப்பீங்க? அதே மாதிரி, முதல்ல வர்ற ஒண்ணுக்கைக் கீழே விட்டுடுங்க. நடுவுல வர்றதை டப்பாவுல பிடிங்க. அதுக்கு முன்னாடி தண்ணியால கழுவிக்குங்க. டப்பாவுக்கு உள்ளே கையை விடாதீங்க." எந்த அம்மாவுக்குப் புரியாது?

"ஐயா, தொண்டையைக் காறித் துப்பாதீங்க. நெஞ்சிலிருந்து இருமி எடுங்க. அந்த மரத்தடிக்குப் போங்க, அவசரமே இல்லை." இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர் எச்சிலைக் கொடுத்துவிட்டுப் போவார். ரிப்போர்ட்டில் "கிருமி இல்லை" என்று வரும். அந்தத் தாளை நம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போய், அதே ஒற்றை அறையில் பிள்ளைகளோடு படுத்து இருமிக்கொண்டிருப்பார். லேப்பைப் பொறுத்தவரை அந்த ரிப்போர்ட்டில் ஒரு தப்பும் இல்லை. கொடுத்த சாம்பிளில் கிருமி இல்லைதான்!

நண்பர்களே, நீங்கள் மெக்கானிக்கலோ, எலெக்ட்ரிக்கலோ, கம்ப்யூட்டரோ எது படித்தாலும் சரி. என்றைக்காவது ஒரு நாள் உங்கள் வீட்டிலும் ஒருவர் கையில் டப்பாவோடு நிற்பார். அன்றைக்கு அவருக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். லேப்பில் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எங்கள் துறைத் தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள். டப்பாவைக் கொடுக்கும்போது கூடவே நாலு வார்த்தை நல்ல தமிழில் கொடுங்கள். எந்த ஊடகமும் எந்த ஐஸ் பெட்டியும் அதற்குப் பிறகுதான்.